விடியுமுன் கிளம்பும் காருக்கு எந்த டயர்?

டொராண்டோவிலிருந்து கிழக்கே மாண்ட்ரியல் போகும் 401-ஆம் நெடுஞ்சாலை, கியூபெக் எல்லையைத் தாண்டியதும் எண் மாறி 20-ஆம் நெடுஞ்சாலை ஆகிறது. சாலை அதே சாலை. ஜனவரியில் அதன்மேல் கொட்டும் பனியும் அதே பனி. ஆனால் கியூபெக்கில் பதிவான கார் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் ஓடினால் அபராதம் கட்ட வேண்டும். பக்கத்துத் தடத்தில் ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோடு போகும் காருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஷோரூமில் மாட்டிக் கொடுத்த ஆல்-சீசன் டயரிலேயே அது ஆண்டு முழுவதும் ஓடலாம். இரண்டு அரசுகளில் ஒன்று மிகையாகப் பயப்படுகிறதா, மற்றொன்று அலட்சியமாக இருக்கிறதா?

ஒரு சிவிக்கோ கரோலாவோ வைத்துக்கொண்டு வீட்டுக்கும் வேலைக்கும் ஓடுகிற ஒன்டாரியோ குடும்பங்களில் இந்தக் கேள்வி அக்டோபர் கடைசியில் தவறாமல் எழும். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் இருக்கும் தமிழ் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆல்-சீசன் போதாதா, இன்னொரு செட்டுக்கு ஏன் ஆயிரம் டாலர் என்பார் ஒருவர். மாட்டாமல் வெளியே எடுக்காதே என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இந்த வாக்குவாதம் ஊரில் எத்தனை சென்டிமீட்டர் பனி பெய்கிறது என்பதில்தான் போய் நிற்கும். டொராண்டோவில் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மீட்டருக்குச் சற்று மேல், மாண்ட்ரியலில் இரண்டு மீட்டரை ஒட்டி. ஆகவே அங்கே தேவை, இங்கே தேவையில்லை என்று முடித்துவிடுவார்கள்.

டயரைத் தேர்ந்தெடுக்க இந்த அளவுகோல் உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அந்த நேரத்துக்குள் சாலையில் எவ்வளவு வேலை நடந்து முடிந்திருக்கும், 'இன்றைக்கு வர முடியாது' என்று சொல்லும் வசதி ஓட்டுகிறவருக்கு உண்டா ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்க வேண்டியவை. அதற்கு முன், கடையில் கிடைக்கும் மூன்று வகை டயர்களும் உண்மையில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்த்துவிடலாம்.

ஆல்-சீசன் வந்த வழி

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு காலத்தில் இலையுதிர் காலம் முடிந்ததும் பின்சக்கரங்களுக்குக் கனமான ஸ்னோ டயர் மாட்டுவதும், வசந்தத்தில் கழற்றுவதும் வீட்டு வழக்கமாக இருந்தது. 1977-இல் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்ற ரேடியல் டயரைக் கொண்டுவந்து, இனி மாற்ற வேண்டாம், ஒரே டயரில் ஆண்டு முழுவதும் ஓடலாம் என்று விற்றது. ஆல்-சீசன் என்ற வகை அதோடு நிலைபெற்றது. கார் நிறுவனங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஃபுளோரிடாவுக்கும் மினசோட்டாவுக்கும் ஒரே காரை அனுப்பலாம்.

ஷோரூமிலிருந்து வரும் சின்னக் காரின் டயர் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். எரிபொருள் சிக்கனம், சத்தமின்மை, நீண்ட ஆயுள் ஆகியவைதான் கார் தயாரிப்பாளர் முதலில் பார்ப்பவை. பனியில் பிடிப்பு அந்தப் பட்டியலில் கீழேதான் வரும். வெயிலில் உருகாமல், மழையில் நீரை வெளியேற்றி, லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்க வேண்டிய ரப்பரிடம் மைனஸ் 15 டிகிரியிலும் இளகி நிற்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை.

இதே காலத்தில் ஜப்பானில் கதை வேறு திசையில் போனது. வடக்கே ஹொக்கைடோ முதலான பகுதிகளில் ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி பெரிய சுகாதாரப் பிரச்சினையாகி, 1990-இல் அந்தத் தூசியைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. ஆணி இல்லாமல் ஐஸைப் பிடிக்கும் டயர் அவசரத் தேவையானது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988-இல் கொண்டுவந்த 'பிளிசாக்' அந்தத் தேடலில் பிறந்தது. ரப்பருக்குள் நுண்துளைகளை வைத்து, ஐஸின் மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சி ஒதுக்குவது அதன் உத்தி. இன்று ஒன்டாரியோவின் தென்பகுதியில் ஆணி டயருக்கு அனுமதி இல்லை. வடக்கே மட்டும்தான் உண்டு. ஆகவே டொராண்டோக்காரருக்கு வின்டர் டயர் என்றால் இந்த ஆணியில்லாத வகைதான்.

ரப்பர், பனி, ஐஸ்

குளிரில் ரப்பர் இறுகும். எந்த வெப்பநிலையில், எவ்வளவு இறுகும் என்பது கலவையைப் பொறுத்தது. வின்டர் டயரில் இயற்கை ரப்பர், பாலிபியூட்டடையீன், சிலிக்கா ஆகியவற்றின் விகிதத்தை மாற்றி, கடுங்குளிரிலும் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் நெளிந்து இறங்கும்படி செய்கிறார்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் வின்டர் டயர் மாட்டு என்று டயர் துறையினர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அது ஒரு கோடு அல்ல. 8 டிகிரியில் நன்றாக இருந்த ஆல்-சீசன் 6 டிகிரியில் கல்லாகிவிடாது. பிடிப்பு படிப்படியாகத்தான் குறையும். மைனஸ் 10, மைனஸ் 15 என்று இறங்கும்போது வித்தியாசம் பெரிதாகும்.

இரண்டாவது, டயரின் ட்ரெட் வடிவம். குளிர்கால டயரை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியது போல நெளிநெளியான வெட்டுகள் தெரியும். சைப் என்று பெயர். 1923-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப்பின் பெயர் அது. சக்கரம் உருளும்போது இந்த வெட்டுகள் விரிந்து, நூற்றுக்கணக்கான விளிம்புகள் பனியைக் கவ்வும். அகன்ற பள்ளங்கள் பனியை உள்ளே வாங்கி இறுக்கி வைத்துக்கொள்ளும். பனியோடு பனி ஒட்டும் குணம் உண்டு என்பதால், ட்ரெட்டில் சிக்கிய பனி சாலைப் பனியைப் பிடிக்க உதவுகிறது. மழைக்கு நீரை வெளியே தள்ள வேண்டிய அதே பள்ளம், பனிக்கு உள்ளே வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே டயரில் வைப்பதில்தான் பொறியாளருக்குத் தலைவலி.

மூன்றாவது, ஐஸ். மைனஸ் 20-இல் உள்ள ஐஸைவிட மைனஸ் 1-இல் உள்ள ஐஸ்தான் அதிகம் வழுக்கும். உறைநிலையை ஒட்டி அதன் மேற்பரப்பில் நீர்ப்படலம் எளிதில் உண்டாவதே காரணம். டொராண்டோவின் குளிர்காலம் பெரும்பாலும் இந்தச் சுழியத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. பகலில் உருகும், இரவில் உறையும், அதிகாலையில் தார் போலவே தெரியும் பிளாக் ஐஸ் காத்திருக்கும். எட்மன்டனிலோ வின்னிபெக்கிலோ இருப்பவர் 'இங்கே மைனஸ் 30-இலேயே ஓட்டுகிறோம், உங்கள் ஊர் ஒரு குளிரா' என்று கேட்டால், அவர் சொல்லும் குளிரும் இந்த வழுக்கலும் ஒன்றல்ல என்பதே பதில்.

பக்கச்சுவரில் உள்ள குறிகள்

டயரின் பக்கச்சுவரில் இரண்டு குறிகளைத் தேட வேண்டும். ஒன்று எம்+எஸ். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. பெரும்பாலான ஆல்-சீசன் டயர்களில் இருக்கும். இதைப் பொறிக்க எந்தச் சோதனையும் பாஸாக வேண்டியதில்லை. ட்ரெட்டில் பள்ளங்களின் அமைப்பும் பரப்பும் ஒரு குறிப்பிட்ட வரையறைக்கு ஒத்துவந்தால் போதும். வடிவத்துக்குக் கிடைக்கும் முத்திரை இது. பிடிப்புக்குக் கிடைப்பது அல்ல.

மற்றொன்று மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் கொண்ட படம். 1999-இல் அமெரிக்க, கனடிய டயர் தயாரிப்பாளர்களின் சங்கங்கள் இதைக் கொண்டுவந்தன. இறுகிய பனிமேல் ஓட்டிப் பார்த்து, தரப்படுத்தப்பட்ட ஒரு குறிப்பு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை இருந்தால்தான் இதைப் பொறிக்கலாம் என்பது அப்போது வைத்த விதி. எம்+எஸ்ஸைவிட இது நம்பகமானது. ஆனால் வட அமெரிக்காவில் அந்தச் சோதனை பார்ப்பது பனியில் நேராக முன்னே இழுக்கும் திறனைத்தான். வளைவில் நிற்குமா, ஐஸில் பிரேக் பிடிக்குமா என்ற கேள்விகளுக்கு அந்தப் படம் பதில் சொல்வதில்லை. அதனால் நல்ல வின்டர் டயரும், வரம்பை ஒட்டித் தேறிய டயரும் ஒரே படத்தைச் சுமந்து நிற்கின்றன. ஐரோப்பிய லேபிளில் 2021 மே முதல் ஐஸ் பிடிப்புக்குத் தனிக் குறி இருக்கிறது. கனடியக் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது.

அரசுகள் நகர்ந்திருக்கும் திசையைப் பார்த்தாலே இந்தக் குறிகளின் மதிப்பு புரியும். 2008-இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கிய கியூபெக், 2014 டிசம்பரிலிருந்து மலைச்சின்னம் உள்ளதை மட்டுமே ஏற்கிறது. 2019-இல் தொடக்கத் தேதியை டிசம்பர் 15-இலிருந்து 1-க்கு முன்னால் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 2018 முதல் தயாராகும் டயருக்கு மலைச்சின்னம் வேண்டும்; பழைய எம்+எஸ் டயர்களுக்குக் கொடுத்த சலுகைக் காலமும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மட்டும் அக்டோபர் 1-இலிருந்து மலைப்பாதைகளில் குறைந்தது 3.5 மி.மீ. ட்ரெட் உள்ள எம்+எஸ் டயரையும் ஏற்கிறது. ஒன்டாரியோ கட்டாயப்படுத்தவில்லை, அதற்குப் பதிலாக 2016 ஜனவரி முதல் வின்டர் டயர் மாட்டியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பெரும்பாலும் அது 5 சதவீதத்துக்குள்தான் இருக்கும்.

நிற்கும் தூரம்

பனியில் காரைக் கிளப்புவது பெரிய விஷயமாகத் தெரியும். நிறுத்துவதுதான் உண்மையில் பெரிய விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது சோதனைக்கள முடிவு அல்ல. உராய்வுக் கெழுவை வைத்துப் பள்ளிக்கூட இயற்பியலில் போடுகிற கணக்கு.

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு சுமார் 14 மீட்டர். உலர்ந்த தாரில் உராய்வு 0.8 என்று வைத்தால், பிரேக்கை மிதித்த பின் கார் ஏறக்குறைய 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் உராய்வு 0.3 கிடைத்தால் 33 மீட்டர். அதே பனியில் 0.2 மட்டுமே கிடைத்தால் 49 மீட்டர். ஐஸில் 0.1 என்றால் 98 மீட்டர்.

0.3-க்கும் 0.2-க்கும் உள்ள வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரிகிறது. முன்னால் ஒரு பஸ் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கார் 33 மீட்டரில், பஸ்ஸைத் தொடாமல் நின்றுவிடுகிறது. அதே இடத்தில் பிரேக் பிடித்த இரண்டாவது கார் அந்த 33-ஆவது மீட்டரில் இன்னும் மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பம்பர் மட்டுமல்ல, ரேடியேட்டரும் போகிற மோதல் அது. ஒன்டாரியோவில் காப்பீட்டு நிறுவனங்கள் யார் தவறு என்று தீர்மானிக்கும் விதிகள், வானிலையையும் சாலை நிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. முன்னே இருந்த வண்டியின் பின்புறத்தில் இடித்தால் தவறு முழுக்க இடித்தவருடையது. 'ஐஸ் வழுக்கிவிட்டது' என்பது சமாதானமாகச் செல்லாது.

ஆல்-வீல் டிரைவ் இருந்தால் இதெல்லாம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான்கு சக்கரமும் இழுப்பதால் கார் நன்றாகக் கிளம்பும், மேடு ஏறும். பிரேக் பிடிக்கும்போதோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரமும்தான் பிடிக்கின்றன; அங்கே கூடுதல் லாபம் இல்லை. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. 2011 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் கனடாவில் கட்டாயமான ஸ்திரக் கட்டுப்பாடு, கார் சுழலாமல் இருக்க உதவுகிறது. இரண்டும் டயர் கொடுக்கும் பிடிப்பைப் பகிர்ந்து கொடுப்பவை. இல்லாத பிடிப்பை உண்டாக்குபவை அல்ல.

நடுவழியான ஆல்-வெதர்

ஆல்-சீசனுக்கும் வின்டர் டயருக்கும் இடையில் இப்போது நல்ல சந்தை பிடித்திருப்பது ஆல்-வெதர் டயர். ஆண்டு முழுவதும் ஓட்டலாம், மலைச்சின்னமும் உண்டு. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் இந்த வகையில் வட அமெரிக்காவில் முன்னோடி. லாரிக்கான குளிர்கால டயரை 1934-இலும், இன்றுவரை புகழ்பெற்ற ஹக்கபெலீட்டா வரிசையை 1936-இலும் தொடங்கிய நிறுவனம் அது. மிஷ்லின் 2015-இல் கிராஸ்கிளைமேட்டைக் கொண்டுவந்த பிறகு மற்ற பெரிய நிறுவனங்களும் இறங்கிவிட்டன. டொயோவின் செல்சியஸ், பிரிட்ஜ்ஸ்டோனின் வெதர்பீக் எல்லாம் இந்த வகையே. கியூபெக் சட்டத்தின்படி மலைச்சின்னம் இருப்பதால் இவையும் செல்லும்.

டொராண்டோ மாதிரி ஊருக்கு இந்த வகை நன்றாகப் பொருந்தும் என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே குளிர்காலத்தின் பெரும்பகுதி வெறும் தார்ச்சாலைதான்: உப்புக் கரைசலில் நனைந்து, சில நாள் பாதி உருகிய ஸ்லஷ் மிதக்க, எப்போதாவது வெள்ளையாக. 5, 8 டிகிரி ஈரச் சாலையில் மெத்தென்ற வின்டர் டயரைவிட நல்ல ஆல்-வெதர் டயர் குறைவான தூரத்தில் நிற்கக்கூடும். புதுப் பனியிலும் ஸ்லஷ்ஷிலும் ஆல்-சீசனைவிடத் தெளிவாக மேல். தனி ரிம் வேண்டாம், வைக்க இடம் வேண்டாம், ஆண்டுக்கு இரண்டு முறை அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். பதினைந்தாம் மாடியில் குடியிருப்பவருக்கு நான்கு டயர் வைக்க பால்கனி மட்டும்தான் உண்டு. அதையும் கட்டட நிர்வாகம் அனுமதிக்காது.

குறையும் உண்டு. ஐஸில் நல்ல வின்டர் டயருக்கு இது ஈடாகாது. பிளிசாக், மிஷ்லின் எக்ஸ்-ஐஸ் போன்றவை இருக்கிற இடம் வேறு. பல மாடல்களில் சத்தம் கொஞ்சம் கூடும், எரிபொருளும் கொஞ்சம் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜூலை வெயிலிலும் தேய்வதால் மூன்றாவது குளிர்காலத்தில் ட்ரெட் பாதியாகியிருக்கும். பனியில் ட்ரெட் ஆழம்தான் எல்லாம். சட்டப்படி டயரை ஏறக்குறைய 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் 4 மி.மீட்டரை நெருங்கிய டயரைப் பனிச்சாலையில் ஓட்டக்கூடாது என்பது கனடியப் போக்குவரத்துத் துறையின் அறிவுரை. ஆல்-வெதர் வாங்குகிறவர் அதன் முழு ஆயுளையும் குளிர்கால ஆயுளாகக் கணக்குப் போடக்கூடாது.

'இருபது வருஷமா ஓட்டுறேன்'

ஆல்-சீசனுக்கு ஆதரவாக வைக்கப்படும் வலுவான வாதம் அனுபவம்தான். 'இருபது வருஷமா இந்த ஊர்ல ஆல்-சீசன்லதான் ஓட்டுறேன், ஒரு கீறல் இல்லை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எப்போது ஓட்டினார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

401 போன்ற முதல்வகுப்பு நெடுஞ்சாலைகளில், பனிப்பொழிவு நின்ற 8 மணி நேரத்துக்குள் தார் தெரிய வேண்டும் என்பது ஒன்டாரியோவின் அளவுகோல். அடுத்த வகுப்புச் சாலைக்கு 16 மணி நேரம். டொராண்டோவின் குடியிருப்புத் தெருக்களிலோ 8 சென்டிமீட்டர் சேர்ந்த பிறகே பனி தள்ளும் வண்டி வரும். முந்தைய நாள் மாலை ஆரம்பித்த பனி நள்ளிரவுக்குப் பின் நின்றால், ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர் ஏறக்குறைய சுத்தமான நெடுஞ்சாலையில் போவார். ஐந்து மணிக்கு மிசிசாகா கிடங்கில் ஷிப்ட் ஏற வேண்டியவர் நாலேகாலுக்குத் தெருவில் இறங்கும்போது, அங்கே ஒரு சக்கரத் தடம்கூட இருக்காது. உப்பும் போட்ட உடனே வேலை செய்வதில்லை. மைனஸ் 10-ஐத் தாண்டிக் குளிர்ந்தால் அதன் வேகம் வெகுவாகக் குறையும். மற்ற கார்கள் ஓடி அழுத்துவதும் சேர்ந்துதான் உப்பு பனியைக் கரைக்கிறது. அதிகாலையில் அந்தக் கார்களும் இல்லை.

ஒரே ஊர், ஒரே பனி. இருவர் ஓட்டும் சாலை வேறு வேறு. 'இருபது வருஷ' அனுபவக்காரர் அலுவலக நேரத்தில் ஓட்டியவராக, வானிலை அறிக்கை மோசமாக இருந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவராக இருந்தால், ஆல்-சீசன் அவருக்குப் போதுமானதாகவே இருந்திருக்கும். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு, பேக்கரியில் அடுப்பு மூட்டுகிறவருக்கு, விமான நிலையத்தில் பை ஏற்றுகிறவருக்கு அந்த அனுபவத்தைக் கடன் கொடுக்க முடியாது. நேரம் தவறினால் சம்பளம் போகும் வேலைகள்தான் பெரும்பாலும் அந்த நேரத்துக்குக் கிளம்ப வைக்கின்றன. நல்ல டயர் அதிகம் தேவைப்படுகிறவரும் அதற்குக் கையில் காசு குறைவாக உள்ளவரும் ஒரே ஆளாக இருப்பது இந்த விவகாரத்தின் சங்கடம். ஒன்டாரியோ தரும் 5 சதவீதத் தள்ளுபடி அதைத் தீர்ப்பதில்லை.

பணக் கணக்கு

15 அல்லது 16 அங்குல ரிம் உள்ள சின்னக் காருக்கு நான்கு நல்ல வின்டர் டயர் உத்தேசமாக 600 முதல் 900 டாலர் ஆகும். இரும்பு ரிம் செட் இன்னொரு முந்நூறு, நானூறு. ரிம்மோடு மாற்றினால் கூலி குறைவு. ஒவ்வொரு முறையும் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டினால் கூலியும் அதிகம், டயர் விளிம்பும் சேதமாகும். நாலு வருஷம் காரை வைத்திருப்பதென்றால் ரிம் வாங்குவதே சிக்கனம்.

இந்தத் தொகை முழுவதும் கூடுதல் செலவல்ல. வின்டர் டயர் ஓடும் நாலைந்து மாதம் ஆல்-சீசன் கராஜில் தேயாமல் இருக்கும்; அது அத்தனைக்கத்தனை தள்ளிப் பழசாகும். உண்மையான கூடுதல் செலவு ரிம், மாற்றும் கூலி, வைக்கும் இடம் ஆகியவைதான். எதிர்ப்பக்கத்தில், மோதல் காப்பீட்டில் பலருக்கும் முதல் 1,000 டாலர் கைக்காசு. தவறு உங்களுடையது என்று பதிவானால் அடுத்த சில ஆண்டுகள் பிரீமியமும் ஏறும். ஒரு சின்ன இடி ஒரு செட் டயரை விழுங்கிவிடும்.

செலவைக் குறைக்க இரண்டு மட்டும் வாங்குவது மிக ஆபத்தான சிக்கனம். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்னால் மட்டும் வின்டர் டயர் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் விடும். வளைவில் பிரேக்கைத் தொட்டதும் கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். வாங்கினால் நாலும் ஒரே மாதிரி வாங்க வேண்டும். முடியாவிட்டால் நாலும் ஆல்-சீசனாகவே இருப்பது அதைவிட மேல்.

வாங்கும்போதும் மாட்டிய பிறகும்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவு, காற்றழுத்தம் இரண்டும்தான் அடிப்படை. 195/65 ஆர்15 91டி என்றால், அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம், ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 190 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்று பொருள். 17 அங்குல அலாய் ரிம்மோடு வந்த காருக்கு, பிரேக் இடிக்காதென்றால், குளிர்காலத்துக்கு 15 அல்லது 16 அங்குலத்துக்கு இறங்குவது நல்லது. விலை குறையும், குறுகிய டயர் ஸ்லஷ்ஷை வெட்டிக்கொண்டு போகும், குழியில் விழுந்தால் தடித்த பக்கச்சுவர் ரிம்மைக் காப்பாற்றும்.

டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்கள் தயாரிப்புத் தேதி. 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ட்ரெட் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகும். செகண்ட்ஹேண்ட் வின்டர் டயர் 'ஒரு சீசன்தான் ஓடியது' என்று வந்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். ஆறு வயதைத் தாண்டியதை மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடலாம். பிளிசாக் வகையில் நுண்துளை ரப்பர் ஏறக்குறைய மேற்பாதி வரை மட்டுமே உண்டு. அது தேய்ந்த பின் மீதியிருப்பதைப் புதிய டயரின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேரம் பேசக்கூடாது. நோக்கியன் டயரில் ட்ரெட்டிலேயே ஒரு பனித்துகள் சின்னம் உண்டு, 4 மி.மீட்டரில் அது மறைந்துவிடும். மற்ற டயருக்கு ஆழமானி சில டாலருக்குக் கிடைக்கும். கையில் அது இல்லையென்றால் இரண்டு டாலர் நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பார்க்கலாம்: வெளியே உள்ள வெள்ளி வளையம் மட்டுமே மறைகிறதென்றால் டயர் ஏறக்குறைய பாதி தேய்ந்துவிட்டது.

மாட்டிய பின் கவனம் காற்றில் இருக்க வேண்டும். 20 டிகிரி கதகதப்பான கராஜில் 33 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு மைனஸ் 15-இல் இரவெல்லாம் வெளியே நிறுத்தினால், காலையில் அது 27-க்குப் பக்கத்தில் இருக்கும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது பெரும்பாலும் பஞ்சரால் அல்ல. மாதம் ஒரு முறை, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடிக்க வேண்டும். டயர் கடைகளில் முதல் பனி விழுந்த வாரம் வரிசை நீளும். அக்டோபர் நடுவிலேயே மாட்டிவிடுவது நல்லது.

யாருக்கு எது

விடியுமுன் கிளம்பியாக வேண்டியவர்கள், பாரி போன்ற ஏரிப்பனி ஊர்களிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து போகிறவர்கள், மேட்டுத் தெருவில் குடியிருப்பவர்கள் வின்டர் டயரே போட வேண்டும். இதில் கியூபெக் சொல்வது சரி. பகல் நேரத்தில் நகருக்குள் ஓட்டுகிறவர்கள், வைக்க இடமில்லாதவர்கள், ஆண்டுக்கு 15,000 கி.மீட்டருக்குள் ஓடுகிறவர்களுக்கு மலைச்சின்னமுள்ள ஆல்-வெதர் பொருத்தம். ட்ரெட் 5 மி.மீட்டருக்கு இறங்கியதும் அடுத்த குளிர்காலத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும். காப்பீட்டுத் தள்ளுபடிக்கு ஆல்-வெதரையும் ஏற்பார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பனி நாளில் பஸ்ஸோ சப்வேயோ பிடிக்க முடிந்தவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் ஆல்-சீசனோடு இருக்கலாம். ஆனால் அவர்கள் உண்மையிலேயே அந்த நாட்களில் காரை எடுக்காமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது வகையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதல் வகையாக வாழ்கிறவர்கள்தான் அதிகம். பிள்ளையை டேகேரில் விட வேண்டும், மனைவியை ஆறு மணி ஷிப்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அவசரத்துக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று வீட்டில் ஒரே ஒரு கார் எல்லாருடைய நேரத்துக்கும் ஓடுகிறது. அந்தக் காரின் டயரை, அதை வாங்கியவரின் அலுவலக நேரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. வீட்டில் யார் எல்லாருக்கும் முந்திக் கிளம்புகிறாரோ, அவருடைய நேரத்துக்கு ஏற்ற டயர் வாங்குங்கள்.